நான்காவது கத்தி

எட்டுக் கத்திகள்.
எறிபவன் மல்ஹாஸ், என் கணவன்.
பலகையில் முதுகு ஒட்டி நிற்பவள் நான், ட்சியாலா.
மழைமாதம் முழுக்கப் போத்தித் துறைமுகத்தில்தான் கூடாரம்.
பார்க்க வருவது முப்பது பேர்,
அதில் பாதி, கப்பல் கிளம்பாத கப்பல்காரர்கள்.

கத்தி என்றால் கூர்மை என்று நினைக்கிறார்கள்.
எங்கள் கத்தி வெண்ணெயைக்கூட ஒழுங்காக வெட்டாது.
நுனி இருந்தால் போதும்.
மீதியெல்லாம் எடை,
அந்த எடை எங்கே குடியிருக்கிறது என்பது.

விரலை நீட்டி அதன்மேல் கிடத்திப் பாருங்கள்.
அலகுப் பக்கம் சாய்ந்தால்
அதற்குத் தலைக்கனம்.
பிடிப் பக்கம் சாய்ந்தால் சோம்பேறி, மெல்லத்தான் திரும்பும்.
இரண்டுமில்லாமல் கிடந்தால்
நாலு மீட்டர், ஒரே சுற்று,
டக்.

டக், டக், டக் என்று மூன்று.
நான்காவது மட்டும், என் இடது காதருகே,
தும் என்று இறங்கும்.
மூன்று வருடமாக அப்படித்தான்.
அதை எறியுமுன் மல்ஹாஸ் குதிகாலைத் தூக்கி
கால் அடி பின்னால் வைப்பான்.
கூட்டம் மூச்சைப் பிடிக்கும்.
வித்தைக்காரனின் மிடுக்கு என்று எண்ணி
அக்கார்டியன் வாசிக்கும் தெங்கிஸிடம்
அந்த இடத்தில் ஒரு சுரத்தை இழுக்கச் சொன்னதே நான்தான்.

திங்கட்கிழமை விடுமுறை.
எட்டையும் துணியில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனேன்.
குல்னாஸி நீல வெந்தயத்தைத் தட்டிலிருந்து கொட்டிவிட்டு,
"இது எந்தக் குழம்புக்கு?" என்றாள்.
இருநூற்று ஐம்பத்திரண்டு கிராம்.
ஐம்பத்திரண்டு. ஐம்பத்துமூன்று.
நான்காவது, இருநூற்று எழுபது.
ஒரு கரண்டி உப்பு கூடுதல்.

பிடியின் நூலைப் பிரித்தேன்.
மரத்தில் பழைய விரிசல்.
விரிசலுக்குள் ஈயம்,
மீன்வலைக் குண்டை உருக்கி ஊற்றி
நகத்தால் வழித்துவிட்ட ஈயம்.
எந்த ஊர்க் கல்தரையில் விழுந்ததோ,
என்னிடம் சொன்னதில்லை.

சுரண்டி எடுத்தேன்.
பசையும் மரத்தூளும் அடைத்து நூல் சுற்றினேன்.
விரல்மேல் வைத்தால்
யார் பக்கமும் பேசாமல் கிடந்தது.
எனக்கு அவ்வளவு பெருமை.
கை கழுவி, முட்டை பொரிக்க உட்கார்ந்தேன்.

வெறும் கையோடு மல்ஹாஸ்
கூடாரத்தில் நடை பழகிக்கொண்டிருந்தான்,
தினமும் ராத்திரி செய்வதுபோல.
ஒன்று. இரண்டு. மூன்று.
குதிகால் எழுந்தது.
கால் அடி பின்னால்.

முட்டை கருகியது.

அவனுக்குத் தெரியும்.
மூன்று வருடம்
அந்த ஈயத்தைக் குதிகாலில் சுமந்திருக்கிறான்,
மணிக்கட்டில் சுமந்திருக்கிறான்.
கத்தியிலிருந்துதான் எடுத்தேன்,
அவனிலிருந்து எடுக்கவில்லை.
நாளை, இல்லாத கனத்துக்காகப் பின்வாங்குவான்.
கத்தி தன் சுற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு
என்னிடம் எப்படி வந்து சேரும் என்பதை
எந்தத் தராசும் சொல்லாது.

"நாலாவதுக்குப் பின்னால் போகாதே" என்றேன்.
அவன் முதலில் தன் காலைப் பார்த்தான்.
பிறகு என்னை.
"எவ்வளவு?"
"பதினெட்டு கிராம்."
எதற்கு மறைத்தாய் என்று நானும் கேட்கவில்லை,
எதற்குத் தொட்டாய் என்று அவனும்.
கருகியதைச் சுரண்டிப் பகிர்ந்து தின்றோம்.

விடியுமுன் வெறும் பலகை.
அந்த ஒரு கத்தி.
எறிந்தான், குதிகால் போய்விட்டது,
கத்தி பக்கவாட்டில் அடித்துத் தரையில் விழுந்தது.
திரும்ப எறிந்தான், திரும்பவும் போனது.
இருபதுக்குமேல் எண்ணுவதை விட்டேன்.
"நான் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போகிறது" என்றான்,
குடிகாரன் கால்களைப் பற்றிச் சொல்வதுபோல.

ஈர மரத்தூளில் அவன் பின்னால் உட்கார்ந்தேன்.
இத்தனை வருடத்தில் முதல்முறை
எறிபவன் பக்கம் நான்.
அவன் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
"எறி."

ஒவ்வொரு முறையும்
என் விரல்களை இழுத்துப் பார்த்தது
அந்தப் பதினெட்டு கிராம்.